மூணு செட்டு

கீ... என்று ஒலிபெருக்கி வீறிட்டது. பந்தலுக்கு அடியில் படுத்திருந்த நாய் துள்ளி எழுந்து ஓடியது. விரலுக்கு பிளாஸ்திரி சுற்றிக்கொண்டிருந்த சௌந்தர்யா நிமிர்ந்து பார்த்தாள்.

மைக்கைப் பிடித்திருந்தவர் மூக்கையா. ரெட்டியார்சத்திரம் பக்கம் எந்த ஊரில் கபடி நடந்தாலும், வாலிபால் நடந்தாலும் அவர் குரல்தான் கேட்கும். தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தார். சிறப்பு விருந்தினர் சொன்ன நேரத்துக்கு முன்பே திண்டுக்கல்லில் இருந்து புறப்பட்டுவிட்டாராம். ஆகவே பெண்கள் ஆட்டம் ஒரே செட், பதினைந்து புள்ளியோடு முடித்துக்கொள்ளப்படும். தொடர்ந்து ஆண்கள் இறுதி ஆட்டம். வீராங்கனைகள் ஒத்துழைப்புத் தர வேண்டும்.

சௌந்தர்யாவின் கையில் இருந்த பிளாஸ்திரிச் சுருள் அப்படியே நின்றது.

"மூணு செட்டுன்னு சொல்லித்தானடி உங்க சித்தப்பா கூப்ட்டாரு?" என்றாள் மாலதி.

சித்தப்பா என்றால் பொன்னுச்சாமி. பொங்கல் விளையாட்டு விழாக் குழுவின் செயலாளர். சட்டையில் குத்திய ரோஜா நிற பேட்ஜும் தோளில் துண்டுமாக மேடைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார். சௌந்தர்யா அவர் முன்னால் போய் நின்றாள். அவர் அவளைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"ஒரு செட்டு போதும்த்தா. பொம்பளப்புள்ளைக ஆடுறதைப் பாக்கச் சனம் சேரும், அம்புட்டுத்தான். ஜெயிச்சா கப்பு, தோத்தா ஆளுக்கொரு எவர்சில்வர் போணி. யாருக்கு என்ன நட்டம்?"

யாருக்கு என்ன நட்டம் என்று அவருக்குத் தெரியாது. அந்த ஆறு பெண்களுக்குத் தெரியும்.

பதினோராம் வகுப்பு படிக்கும்போது இதே ஆறு பேரும் பள்ளிக்கூட அணியாகத் திண்டுக்கல்லில் ஒரு போட்டிக்குப் போனார்கள். இரண்டு அணியும் ஆளுக்கொரு செட் ஜெயித்திருந்தன. மூன்றாவது செட்டில் இவர்கள் ஒரு புள்ளி முன்னால். தீபா பந்தை எடுத்துக்கொண்டு சர்வீஸ் போடப் போனாள். அப்போது கூட வந்த டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஊருக்குப் போகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அதை விட்டால் இருட்டின பிறகுதான் அடுத்த பஸ். ஆறு வீட்டுக்கும் பதில் சொல்ல வேண்டியது அவர்தான். "பையைத் தூக்குங்கடி" என்றார். எதிரணி ஜெயித்ததாக எழுதிக்கொண்டார்கள். பஸ்ஸில் தீபா முழங்கால் பட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். மறு வருடம் பன்னிரண்டாம் வகுப்பு. பொதுத்தேர்வு எழுதுகிற பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பீரியடே கிடையாது.

அவ்வளவுதான். தீபாவுக்குக் கல்யாணம் ஆனது. மாலதி தையல் கம்பெனிக்குப் போனாள். சௌந்தர்யா திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். வாலிபால் என்ற வார்த்தையே அவர்கள் பேச்சில் இல்லாமல் போனது.

போன வருடம் மாலதி ஒரு ஜப்பான் கார்ட்டூன் தொடரின் லிங்க்கை அனுப்பி வைத்தாள். கடலோர ஊர் ஒன்றில் பெண்கள் பள்ளி வாலிபால் அணியின் கதை. சௌந்தர்யா முதலில் சிரித்தாள். அந்தப் பிள்ளைகளின் கண் ஒவ்வொன்றும் பணியாரம் அளவுக்கு இருந்தது. ஆனாலும் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் டவுன் பஸ்ஸில் பார்க்க ஆரம்பித்தாள். குலுங்குகிற பஸ்ஸில் கீழே ஓடுகிற இங்கிலீஷ் எழுத்தைப் படிக்கத் தலை வலித்தது. விடவில்லை.

அதில் ஒரே ஒரு ஆட்டம் மட்டும் பதினோரு எபிசோடு ஓடியது. ஒரு பந்து கீழே விழாமல் வலைக்கு அங்கும் இங்கும் போய்வருவதையே ஒரு எபிசோடு முழுக்கக் காட்டினார்கள். கடைசியில் அந்தப் பிள்ளைகள் தோற்றுப் போனார்கள். வேடசந்தூர் ரோடு திரும்புகிற இடத்தில் சௌந்தர்யா குலுங்கிக் குலுங்கி அழுதாள். கண்டக்டர் பயந்துபோய், வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டார். இல்லண்ணே, சர்வீஸ் வெளிய போயிருச்சு என்று சொன்னாள். அவர் டிக்கெட் கொடுக்காமல் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார்.

அவர்கள் தோற்றதற்காக அவள் அழவில்லை. பதினோரு எபிசோடு ஓடியும், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அந்த ஆட்டத்துக்குள் யாரும் வந்து சொல்லவில்லை. அதற்காக அழுதாள்.

அன்றே ஆறு பேரையும் சேர்த்து வாட்ஸ்அப்பில் குழு ஆரம்பித்தாள். மூன்று வாரத்தில் எல்லோரும் தொடரைப் பார்த்து முடித்தார்கள். தீபா புடலைப் பந்தலுக்கு அடியில் காதில் மாட்டிக்கொண்டு பார்த்தாள். அவளுக்குக் கோபமும் வந்தது. மேலே குதிச்சவ இறங்குறதுக்குள்ள நான் ரெண்டு பாத்திக்குத் தண்ணி பாய்ச்சிட்டு வந்துருவேன், இப்படியா புளுகுவாக என்று குரல் பதிவு அனுப்பினாள். ஆனால் ஒரு காட்சியைப் பற்றி யாரும் கேலி பேசவில்லை. ஆட்டம் முடிந்த பிறகு அந்த அணியின் குட்டைப் பிள்ளை ஒருத்தி குழாயடியில் கையை நீட்டுகிறாள். மணிக்கட்டில் இருந்து முழங்கை வரை தோல் சிவந்து, புள்ளி புள்ளியாக ரத்தம் கட்டியிருக்கிறது. தண்ணீர் பட்டதும் முகத்தைச் சுளிக்கிறாள். இதை வரைஞ்சவக கண்டிப்பா ஆடுனவகதான் என்று மாலதி எழுதினாள். மற்ற ஐந்து பேரும் அதற்கு இதயம் போட்டார்கள்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளி மைதானத்துக்கு வர ஆரம்பித்தார்கள். ஊர்ப் பையன்கள் அவர்களுக்கு வைத்த பெயர் கார்ட்டூன் டீம்.

இந்த வருடப் பொங்கலுக்குப் பெண்கள் ஆட்டமும் வைக்கலாம் என்று பொன்னுச்சாமி சொன்னபோது சௌந்தர்யா கேட்டது ஒன்றே ஒன்றுதான். மூணு செட்டு இருக்குமா சித்தப்பா? இருக்கும் என்று சொன்னவர் அவர்தான்.

எதிரணி சின்னாளபட்டியில் இருந்து வந்திருந்தது. கேப்டன் ஏஞ்சலின். நெட்டையான பெண், உடற்கல்விக் கல்லூரியில் படிக்கிறாள். ஒரே செட் என்று கேள்விப்பட்டதும் அவள் முகமும் சுருங்கியது. ஆனால் வெளியூர்க்காரி. தன் அணியோடு களத்தில் இறங்கினாள்.

அந்த ஒரு செட்டில் சௌந்தர்யாவின் அணி ஒரு முட்டாள்தனம் செய்தது.

அந்தத் தொடரில் ஒரு தந்திரம் வரும். வலைக்கு முன்னால் மூன்று பேரும் ஒன்றாகக் குதிப்பார்கள். எதிரணி அவர்களைத் தடுக்க எழும்பும்போது, பந்து அவர்களைத் தாண்டிப் பின்னால் இருந்து ஓடிவருகிற நான்காவது ஆளுக்குப் போகும். இதை அவர்கள் மாதக்கணக்காகப் பழகியிருந்தார்கள். ஆனால் படத்தில் காற்றிலேயே நிற்கிறவர்களுக்கு யோசிக்க நேரம் இருக்கிறது. இங்கே மூன்று பேர் குதித்தார்கள், மூன்று பேரும் இறங்கினார்கள், பந்து அவர்கள் நடுவில் பொத்தென்று விழுந்தது. கூட்டம் சிரித்தது. சௌந்தர்யா மறுபடியும் முயன்றாள். இந்தத் தடவை தீபாவும் மாலதியும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். மூக்கையா மைக்கில், நம்ம ஊர் கார்ட்டூன் அணி வேடிக்கை காட்டுகிறது என்றார். மூன்றாவது முறையும் அதையே செய்து புள்ளியைக் கொடுத்தார்கள்.

பதினைந்துக்குப் பன்னிரண்டு. சின்னாளபட்டி ஜெயித்தது. விசில் ஊதியது. நின்று பார்த்தவர்கள் வேட்டியை உதறிக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்தார்கள். விக்னேஷ்குமார், ஆண்கள் அணியின் கேப்டன், வலையை உயர்த்துவதற்காகக் கம்பத்தை நோக்கி வந்தான். பெண்களுக்காக இறக்கிக் கட்டிய வலையை ஆண்கள் ஆட்டத்துக்கு ஏற்றிக் கட்ட வேண்டும். ஏற்றிவிட்டால் அதோடு முடிந்தது.

சௌந்தர்யா களத்தைவிட்டுப் போகவில்லை. வலைக்கு அடியில் நுழைந்து, அடுத்த செட்டுக்கு மாற வேண்டிய பக்கத்தில் போய் நின்றாள்.

"நகரு சௌந்தர்யா. கயிறை அவுக்கணும்" என்றான் விக்னேஷ்குமார்.

"இன்னும் ரெண்டு செட்டு இருக்கு."

"எந்த எபிசோடுல?"

அவன் கூட்டாளிகள் சிரித்தார்கள். சௌந்தர்யா அவன் முகத்தைப் பார்த்தபடியே மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தீபா அவளைப் பார்த்தாள், வலைக் கம்பத்தைப் பார்த்தாள். நேரே போய்க் கயிறு கட்டியிருந்த கொக்கியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். இன்னொரு கம்பத்துக்கு மற்ற மூன்று பேர் போனார்கள். மாலதி பந்தை எடுத்துத் தரையில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். விக்னேஷ்குமார் பந்தைக் கேட்டான்.

"அடை காக்குறேன். பொறிச்ச உடனே தாரேன்" என்றாள் மாலதி.

டீக்கடைக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள்.

பொன்னுச்சாமி ஓடிவந்தார். முதலில் செல்லமாகக் கெஞ்சினார். பிறகு அதட்டினார். அண்ணனிடம் சொல்லி நாளையில் இருந்து நீ மருந்துக்கடைக்குப் போவதையே நிறுத்துகிறேன் என்றார். சௌந்தர்யா விரல் பிளாஸ்திரியை இறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் தீபாவின் மாமியார் அங்கம்மாளிடம் போனார். அங்கம்மாள் பந்தலுக்கு அடியில் பேரனை மடியில் வைத்துக்கொண்டு கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். மருமகளை எழுப்பிக்கொண்டு போகச் சொன்னார்.

"சோறும் வெஞ்சனமும் ஆக்கி வச்சுட்டுத்தான் வந்திருக்கா. எனக்கு இப்ப என்ன சோலி இருக்கு அவகிட்ட?" என்று சொல்லிவிட்டு அங்கம்மாள் அடுத்த கடலையை உடைத்தாள்.

மைக்கில் மூக்கையாவின் குரல் வந்தது. தோல்வியைத் தாங்கிக்கொள்வதும் விளையாட்டில் ஒரு பண்பு என்று சகோதரிகளுக்கு நினைவூட்டினார். கூட்டத்தில் சிலர் கைதட்டினார்கள். சௌந்தர்யாவுக்குக் காது மடல் சுட்டது. உண்மைதானே, தோற்ற பிறகு உட்கார்ந்துகொண்டால் அழுகுணி ஆட்டம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஜெயித்திருந்தாலும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பேன் என்று யாரிடம் சொல்ல முடியும்? சொன்னால் யார் நம்புவார்கள்?

பொன்னுச்சாமி கடைசியாக ஏஞ்சலினிடம் போனார். கப்பை அவள் கையில் திணித்தார். வாங்கிக்கிட்டு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போம்மா, ஜெயிச்சவ போயிட்டா தோத்தவளுக்கு அங்க என்ன வேலை என்றார்.

ஏஞ்சலின் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் உட்கார்ந்திருக்கிற சௌந்தர்யாவைப் பார்த்தாள்.

"ஏண்ணே, சின்னாளபட்டியில இருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கோம். கால் மணி நேரம் ஆடவா?"

"அதான் ஜெயிச்சுட்டீகளே."

"செத்த நேரம் இதைப் பிடிங்க" என்று கப்பை அவரிடமே கொடுத்துவிட்டு, தன் அணியைக் கூட்டிக்கொண்டு களத்துக்குள் போனாள். பழைய இடத்துக்குப் போகவில்லை. ஒரு செட் முடிந்தால் அணிகள் பக்கம் மாற வேண்டும். அவள் மாறிய பக்கத்தில், வலைக்கு அந்தப்புறம், ஐந்து பேரோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

இப்போது இரண்டு பக்கமும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வலை. ஓரத்தில் கையில் கப்போடு பொன்னுச்சாமி.

அப்போதுதான் ரோட்டில் தவிலும் நாதஸ்வரமும் கேட்டன. சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார்.

வெள்ளை வேட்டி சட்டையில் காரைவிட்டு இறங்கியவருக்கு மாலை விழுந்தது, துண்டு விழுந்தது. அவருக்கு இந்த ஊரில் எந்த அணி ஆடுகிறது என்பதெல்லாம் தெரியாது. தெரிந்தது வழக்கம் மட்டும்தான். வந்ததும் நேரே களத்துக்குப் போக வேண்டும். வரிசையாக நிற்கிற ஆட்டக்காரர்களுக்குக் கை கொடுக்க வேண்டும். முதல் பந்தைப் போட்டு ஆட்டத்தைத் துவக்கி வைக்க வேண்டும். பொன்னுச்சாமி மேடைக்கு வழி காட்டினார். விருந்தினர் சிரித்துக்கொண்டே களத்துக்கு நடந்தார்.

சௌந்தர்யா எழுந்தாள். "எந்திரிங்கடி. வரிசையா நில்லுங்க."

பன்னிரண்டு பேரும் எழுந்து, பின்பக்கத்து மண்ணைத் தட்டிவிட்டு, வரிசையாக நின்றார்கள். விருந்தினர் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துக்கொண்டே வந்தார். போட்டோகிராபர் பின்னாலேயே நகர்ந்தார். பொன்னுச்சாமி வாயைத் திறந்து திறந்து மூடினார். மாலை போட்ட ஆளை ஊர்ச்சனம் முன்னால் எப்படி நிறுத்துவது?

மைக்கைப் பிடித்தவருக்கு யோசிக்க நேரமில்லை. இருபது வருடமாகச் சொல்லி வருகிற வாக்கியம் மூக்கையாவின் வாயில் இருந்து தானாக வந்து விழுந்தது. "சிறப்பு விருந்தினர் அவர்கள் வீராங்கனைகளுக்குக் கைகொடுத்து, இந்த மாபெரும் ஆட்டத்தைத் துவக்கி வைக்கிறார்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. அதற்குள் மாலதி பந்தை விருந்தினர் கையில் கொடுத்திருந்தாள்.

ஏஞ்சலின் பக்கத்துக் கோட்டில் நின்று அவர் பந்தைத் தூக்கித் தட்டினார். வழக்கமாக இந்தப் பந்தை யாராவது பிடித்துக்கொள்வார்கள், எல்லோரும் கைதட்டுவார்கள். பந்து வலைக்கு மேலே சோம்பலாக மிதந்து வந்தது. மாலதி அதைப் பிடிக்கவில்லை. குனிந்து முன்னங்கையில் ஏந்தினாள். சௌந்தர்யா அதற்கு அடியில் போய்விட்டாள். தந்திரம் கிந்திரம் ஒன்றும் இல்லை. உயரமாக, வலைக்கு ஓரமாக, தீபாவுக்குப் பிடித்த இடத்தில் தூக்கிக் கொடுத்தாள். தீபா அடித்த அடி எதிர்ப்பக்கக் கோட்டுக்கு உள்ளே சுண்ணாம்பைத் தெறிக்க வைத்தது.

விருந்தினர் ஆடிப்போய் ரெண்டடி பின்வாங்கினார். பிறகு வாய்விட்டுச் சிரித்து இரண்டு கையாலும் தட்டினார். முன்வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். நடுவர் பொன்னுச்சாமியைப் பார்த்தார், விருந்தினரைப் பார்த்தார், விசிலை வாயில் வைத்தார்.

இரண்டாவது செட் ஆரம்பித்துவிட்டது.

அதை இவர்கள் ஜெயித்தார்கள். எப்படி என்று கேட்டால் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சௌந்தர்யா தூக்கினாள், தீபா அடித்தாள், மாலதி புழுதியில் விழுந்து புரண்டாள். விழுந்தவள் எழுந்து, மண்ணைத் துப்பிவிட்டு, அடுத்த பந்துக்கு நின்றாள். பந்தலுக்கு அடியில் இருந்த பெண்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டு கோட்டுப் பக்கம் வந்தார்கள். விக்னேஷ்குமார் ரப்பர் பந்து ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றான்.

மூன்றாவது செட். ஒன்பதுக்கு எட்டு என்று இவர்கள் முன்னால் வந்தபோது தீபா பந்தை எடுத்துக்கொண்டு சர்வீஸ் போடப் போனாள். போனவள் நின்றாள். தலையைத் திருப்பி ரோட்டைப் பார்த்தாள். சௌந்தர்யாவும் பார்த்தாள். ரோட்டில் கரும்புக் கட்டு ஏற்றிய டிராக்டர் ஒன்று போய்க்கொண்டிருந்தது. வேறு யாரும் வரவில்லை. போடுடி என்றாள் சௌந்தர்யா.

பதினான்குக்குப் பதினான்கு. அப்புறம் பதினைந்து, பதினைந்து. படமாக இருந்தால் இந்த இடத்தில் பாட்டு வந்திருக்கும், சின்ன வயசு ஞாபகம் வந்திருக்கும். சௌந்தர்யாவுக்கு எதுவும் வரவில்லை. வாயில் மண், நெஞ்சில் கொல்லன் துருத்தி மாதிரி மூச்சு, பக்கத்தில் மாலதியின் "விடு, விடு, என்னுது". ஏஞ்சலின் அடித்த பந்து தீபாவின் விரல் நுனியில் பட்டு வெளியே பறந்தது. அடுத்த பந்து நீளமாகப் போனது. இந்தப் பக்கம் வந்தது, அந்தப் பக்கம் போனது, மறுபடி வந்தது. யாரும் கைதட்டவில்லை. கடைசியில் சௌந்தர்யா வலது ஓரத்துக்குப் பாய்ந்தாள். முன்னங்கையில் பந்து பட்டது. பட்டு, கோட்டைத் தாண்டிப் புல்லில் போய் விழுந்தது.

பதினேழுக்குப் பதினைந்து. சின்னாளபட்டி ஜெயித்தது.

ஏஞ்சலின் வலைக்கு அடியில் நுழைந்து வந்து சௌந்தர்யாவுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். ரெண்டு பேர் கையும் முழங்கை வரை சிவந்திருந்தது. விருந்தினர் கப்பைக் கொடுத்தபோது ஏஞ்சலின் இந்தத் தடவை அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். விக்னேஷ்குமார் கம்பத்துக்கு வந்து, தீபா நகரும்வரை காத்திருந்து, பிறகு கயிற்றை அவிழ்த்தான்.

சௌந்தர்யா குழாயடியில் கையை நீட்டினாள். தண்ணீர் பட்டதும் எரிந்தது. பொன்னுச்சாமி பின்னால் வந்து நின்றார். கையில் அவளுக்கான எவர்சில்வர் போணி. கோபம் முழுதாக இறங்கவில்லை அவருக்கு. ஊர் முன்னாடி என் மானத்தை வாங்கினயே என்று ஆரம்பித்து, வலைக்கு முன்னால் உட்கார்ந்தது, மாலதி பந்தின்மேல் ஏறிக்கொண்டது என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தீர்த்தார். அப்புறம் போணியை நீட்டினார்.

"இம்புட்டு ரகளை பண்ணி என்னத்தக் கண்ட? மொத செட்டுல தோத்ததுக்கும் இப்பத் தோத்ததுக்கும் என்னத்தா வித்தியாசம்? அப்பவும் இந்தப் போணிதான், இப்பவும் இந்தப் போணிதான்."

சௌந்தர்யா குழாயை மூடினாள். போணியை வாங்கிக்கொண்டாள்.

"இருக்கட்டும் சித்தப்பா. இது நாங்களே தோத்த மேட்ச்சு."